குயருக்குள் ஒளிந்த நான்கு

"ஒரு குயரா, ரெண்டு குயரா?"

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டுக்கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. கோடு போட்டதா, போடாததா, லாங் சைஸா என்பதெல்லாம் பிறகுதான். குயர் என்றால் நோட்டின் தடிமன் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு குயர் ஒல்லி, இரண்டு குயர் தடி, மூன்று நான்கு குயர் என்றால் கடைக்கணக்கு எழுதும் பேரேடு. அதற்கு மேல் அந்தச் சொல்லிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பல வருடம் கழித்து, வீட்டிலேயே நோட்டு தைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல் மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் ஒரு தோலட்டை இருக்கிறது. அதன் நடுமடிப்பில் ஓடும் எலாஸ்டிக்கில் மெல்லிய நோட்டுகளைச் செருகிக்கொள்ளலாம். ஒன்று எழுதித் தீர்ந்ததும் உருவி வைத்துவிட்டு அடுத்ததைச் செருகலாம். அந்த உள்நோட்டுகளை நானே தாள் மடித்து, துளையிட்டு, ஊசி நூலால் தைக்கிறேன். எத்தனை தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் மடிப்பு அடங்கிக் கிடக்கும் என்று பன்னிரண்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பிடித்த கனமான தாளுக்கு நான்கு சரியாக இருந்தது. குயர் பிறந்ததும் அதே நான்கில்தான்.

லத்தீனில் 'குவாத்தெர்னி' என்றொரு சொல் உண்டு. வெறும் நான்கு என்று அதற்குப் பொருள் சொன்னால் போதாது. நான்கு நான்காக என்பது பொருள். தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: நந்நான்கு. தாள்களை நந்நான்காக அடுக்கி நடுவில் மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். அந்தக் கட்டுக்கே நான்கின் பெயர் விழுந்தது. பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து 'குவாயேர்' ஆனது. ஆங்கிலம் அங்கிருந்து எடுத்துக்கொண்டு குயர் என்றது. ஸ்காட்லாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 15ஆம் நூற்றாண்டுக் கவிதையின் பெயர் 'தி கிங்கிஸ் குவயர்'. அரசரின் ஏடு என்று பொருள். சொல் அப்போது ஒரு முழுப் படைப்பின் பெயராகும் அளவு உயர்ந்திருந்தது.

பிரான்சில் தங்கிய கிளை இன்னும் தேய்ந்து 'கயே' ஆயிற்று. இன்றும் பிரெஞ்சுப் பிள்ளைகளின் பள்ளி நோட்டுக்கு அதுதான் பெயர். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 'குவதேர்னோ', போர்ச்சுகலில் 'கதேர்னு'. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். என்னை அதைவிட வியக்கவைத்தது கிரேக்கம். அங்கே நோட்டுக்குப் பெயர் 'தெத்ராதியோ'. அதுவும் நான்கிலிருந்து வந்ததே, ஆனால் லத்தீனிடம் கடன் வாங்காமல் கிரேக்கத்தின் சொந்த நான்கிலிருந்து. ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் நோட்டைத் 'தெத்ராத்' என்பது அந்தக் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டதால்.

ஏன் நான்கு? என் மேசையிலேயே பாதி விடை கிடைத்தது. தாள் கூடக் கூட உள்ளே இருக்கும் தாள்கள் வெளிவிளிம்பில் துருத்திக்கொண்டு வரும். ஒவ்வொரு தாளும் தனக்கு உள்ளிருப்பதைச் சுற்றி வளைய வேண்டியிருப்பதால் வரும் வினை அது. எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945இல் ஒரு சாடியிலிருந்து கிடைத்த 4ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளைப் பற்றிப் படித்தபோது இந்த வினையை மறுபடி சந்தித்தேன். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை ஒரே பெருங்கட்டாக மடித்துத் தோலுறைக்குள் கட்டப்பட்டவை. விளிம்பை ஒழுங்காக நறுக்கியதால் நடுவிலுள்ள இதழ்கள் வெளியிதழ்களைவிட அகலம் குறைந்து போயிருக்கின்றன. தோலுறை, உள்ளே ஒற்றை மடிப்புக்கட்டு: என் தோலட்டைக்கு ஆயிரத்து அறுநூறு வருடம் மூத்த அக்கா அது. ஏறத்தாழ அதே காலத்துச் சினாய் விவிலிய ஏடு வேறு வழியில் போனது. தோல்தாளைப் பெரும்பாலும் நந்நான்காக மடித்து, கட்டுக்கு எண் கொடுத்து, கட்டோடு கட்டைச் சேர்த்துத் தைத்தார்கள். நூல் எவ்வளவு பெரிதானாலும் மடிப்பு சிறிதாகவே இருந்தது. பின்னாளில் வென்றது இந்த வழி. அரபு ஏடுகளில் ஐந்தைந்தாக மடிக்கும் வழக்கம் மிகுதி, அயர்லாந்திலும் அது உண்டு. நான்கு இயற்கை விதி என்று நான் சொல்ல வரவில்லை. கைகள் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம் அது, அவ்வளவே. நம் அச்சகத்தில் 'பதினாறு பக்கம் ஒரு பாரம்' என்கிறார்களே, அந்தப் பதினாறும் இதே இடம்தான்.

காகிதம் பெருகியபோது குயர் மடிப்பின் பெயர் என்பதிலிருந்து எண்ணிக்கையின் பெயராக மாறியது. 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம், ஆக 480 தாள். ரீம் அரபுச் சொல். 'ரிஸ்மா' என்றால் கட்டு, பொதி. அரபியர் கொண்டுவந்த காகிதத் தொழிலோடு ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போன சொல் அது. இன்று ரீம் 500 தாள், குயர் 25 தாள் என்று திருத்திவிட்டார்கள். நம் நோட்டுக்கடை அந்தத் திருத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 24 தாளை மடித்தால் 48 இதழ், 96 பக்கம்: ஒரு குயர் நோட்டு. 192 பக்கம்: இரண்டு குயர். ஏன் 100 பக்கமாகவோ 200 பக்கமாகவோ வைக்கவில்லை என்று கேட்ட பிள்ளைகள் உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். பழைய 24 அந்த 96க்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பேச்சில் குயரைக் 'கொயர்' என்பவர்கள் உண்டு. தேவாலயத்தில் பாடும் குழுவையும் கொயர் என்கிறோம். இரண்டுக்கும் உறவில்லை. பாடற்குழு கிரேக்கத்துக் 'கோரோஸ்' வழி வந்தது. ஆங்கிலத்திலேயே ஒருகாலத்தில் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதிக் குழப்பியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று, தென்னைநாரைக் குறிக்கும் 'காயர்'. அது மலையாளத்துக் 'கயர்', நம் கயிற்றின் உடன்பிறப்பு. மடித்த காகிதத்தின் பெயர் மேற்கிலிருந்து இங்கே வந்தது, கயிற்றின் பெயர் இங்கிருந்து மேற்கே போனது.

கயிறு என்றதும் சுவடி நினைவுக்கு வருகிறது. பனையோலை மடியாது, மடித்தால் முறியும். அதனால் இதழிதழாக அடுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள். ஒரு துளையில் கயிறு, மறு துளையில் நாராசம் என்னும் குச்சியோ கம்பியோ. கயிற்றின் முனை உருவிக்கொள்ளாமலிருக்கக் கிளிமூக்கு. கோப்பதற்கும் கட்டுவதற்கும் தமிழில் இத்தனை சொல் இருக்க, மடித்துத் தைக்கும் கட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து சொல் வரவேண்டியிருந்ததற்கு ஓலைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் புத்தகத்துக்கு நாம் வைத்த பெயர் நூல். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நன்னூலார் அந்தப் பெயருக்கு இரண்டு காரணம் சொல்கிறார்: பஞ்சை நூற்பதுபோலச் சொல்லை இழையாக்குவது ஒன்று, மரத்தின் கோணலைக் காட்டத் தச்சன் பிடிக்கும் நூல்போல மனக்கோணலை நேராக்குவது மற்றொன்று. தையலைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் காலத்து நூலில் தையலே இல்லையே.

எங்கள் வீட்டில் தையல் இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியில் சணல் கோத்து, அம்மா ரஃப் நோட்டு தைத்துத் தருவாள். ஒற்றைத் தாள்கள் என்பதால் ஓரத்தில் குத்தித்தான் தைக்க முடியும். அந்த நோட்டு ஒருநாளும் விரிந்து படுக்காது, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். மடிப்பில் தைத்த நோட்டு அப்படியே விரிந்து கிடக்கும். அதில் ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பக்கத்தில் அதன் ஜோடி கழன்று விழும். நோட்டின் உறுப்பு இதழ் இல்லை, ஜோடி இதழ் என்று அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

மூன்று துளை போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை இழுத்து, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வரவேண்டும். நூலின் இரு முனையும் நடுவில் ஓடும் நீள இழைக்கு இருபுறமும் நிற்கும். அந்த இழையைச் சேர்த்து முடிச்சிட்டால் ஆயிற்று. மடிப்பின் நீளத்தைப்போல மூன்று மடங்கு நூல் வேண்டும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிக்காது. தாள் வாங்கும்போது இழையோட்டம் பாருங்கள். மெதுவாக வளைத்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுவே மடிக்க வேண்டிய பக்கம். ஏ4 தாள் பெரும்பாலும் நீளவாட்டில் இழையோடுவதால், குறுக்கே மடித்தால் சற்று முறைக்கும்.

போன வாரம் பேப்பர் கடைக்குப் போய் "ஒரு குயர் கொடுங்கள்" என்றேன். 24 தாள் எண்ணிச் சுருட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நந்நான்காகப் பிரித்தேன். ஆறு கட்டு வந்தது, ஆறு பதினாறு தொண்ணூற்றாறு. கடைக்காரரின் ஒரு குயருக்குள் பழைய குயர் ஆறு இருந்திருக்கிறது. ஐந்தைத் தைத்து முடித்துவிட்டேன். ஆறாவது, ஊசி கோத்தபடி மேசைமேல் இருக்கிறது.