முதுமை: ஊழா, தற்செயலா?

புனே நகருக்கு அருகே முத்தா நதியின் குறுக்கே நிற்கிறது கடக்வாஸ்லா அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அவ்வணை 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் உடைந்தது. மூப்பினால் அன்று, மேலே பான்ஷேத் அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தினால். பின்னர் அது மீண்டும் கட்டப்பெற்றது. மனிதருக்கு வரும் முதுமை எவ்வகையது? உள்ளே எழுதிவைத்த கணக்கின்படி வருவதா, எதிர்பாராத அடிகளால் வருவதா?

அறிவியலார் இதனை நெடுநாள் ஆராய்ந்தனர். உயிரணுக்களின் மரபுப் பொருளில் கண்ட இடத்தில் விழும் அடிகள் சேர்ந்தே மூப்பு விளைகிறது என்று 1959இல் லியோ சிலார்டு உரைத்தார். அணை உடைந்த அதே 1961இல், லெனார்டு ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் வேறொன்று கண்டனர். சோதனைச்சாலையில் வளர்ந்த மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிட்டன. எண்ணி வைத்தாற்போன்ற வரம்பு! குரோமோசோம்களின் நுனிகள் பிரிவுதோறும் தேய்வதே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று.

ஒரே கருவில் உருவான இரட்டையரின் டி.என்.ஏ.மீது படியும் மெதைல் என்னும் வேதிக் குறிகள் இளமையில் ஒத்திருந்து, வயதேற வேறுபடுவதை 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத், அக்குறிகள் படியும் 353 இடங்களைக் கொண்டே ஒருவரது வயதைச் சில ஆண்டுப் பிழையோடு கணித்தார். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? தற்செயலான மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போவதே வயதைக் கணிக்கப் போதும் என்று 2024இல் செருமனியின் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர் விளக்கினர்.

இதில் முரண் இல்லை. ஆறுகளையும் துறைமுகங்களையும் சிற்றுருவாக அமைத்து ஆராயும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் கடக்வாஸ்லாவிலேயே இருக்கிறது. தனியொரு மணல் எங்கே தங்கும் என எவரும் சொல்லார். நீர்த்தேக்கத்தில் வண்டல் எவ்வளவு சேரும் என்பதை மதிப்பிடலாம். உடலும் அத்தகையதே.

ஆண்டுக்கொரு முறை ஊர் செல்லும் நமக்குப் பெற்றோர் முகத்தில் முதுமை திடீரெனப் புலப்படுகிறது. ஒருவர் தளர்ந்திருக்க, அவரொத்த வயதினர் வயலுக்கு நடந்து போகிறார். தந்தை எழுபதில் மறைந்தார், நமக்கும் அதுவே எல்லை என்று நாள் குறித்துக்கொள்வது வீண். புகைபிடித்தல் மரபுப் பொருளில் விழும் அடிகளைப் பெருக்கும். அதனை நாம் விடலாம். வண்டல் சேர்வதை நிறுத்த இயலாது, குறைக்க இயலும். அந்த அளவில் முதுமை நம் கையிலும் இருக்கிறது.