ஏரியில் இன்று யார் முறை

காட்டுப்பாக்கமும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம் என்று சொன்னால் எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் நம்புவதில்லை. கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில். ஞாயிற்றுக்கிழமை காரெடுத்துக்கொண்டு அங்கே போய்வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பற்றிப் பேசுவார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறை பார்க்க வேண்டியதுதான். துணி வாணிபத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று மிச்சமிருப்பது மேடும் புதரும். ஆனால் எங்கள் சனம் பெரிதாக நினைப்பது கல்லில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அதன் பெயர் பாடு.

இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளரும். பருத்ததும், தண்ணீர் வற்றி இறங்கும் வத்தத்தோடு திரும்பக் கடலுக்கு ஓடும். ஓடுவதற்கு இருக்கும் வழி முகத்துவாரம். அங்கே கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டினால் கூடை நிறையும். தள்ளிக் கட்டியவனுக்குக் குழம்புக்குத்தான் தேறும். "வலையில ஒண்ணுமில்ல, எல்லாம் எடத்துல இருக்குது" என்பார் என் அப்பா, எங்கள் நைனா. அப்படியானால் நல்ல இடம் யாருக்கு? வலுத்தவனுக்கு என்று விட்டிருந்தால் ஊர் வெட்டிக்கொண்டு செத்திருக்கும். ஆகவே சீட்டுப் போட்டார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் ஊர்கள் இடங்களைப் பகிர்ந்துகொண்டு, முறை வைத்து மாறி மாறி வலை கட்டின. நேற்று முகத்துவாரத்தருகே நின்றவன் இன்று விலகி நிற்பான். அண்ணன் தம்பியானாலும் முறை முறைதான். இதுதான் பாடு.

இதே ஏற்பாடு இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் உண்டு. அங்கே 1958இல் அரசே அதை விதியாக எழுதிவைத்தது. எங்கள் பக்கம் பஞ்சாயத்தார் வாயிலிருந்து வருவதுதான் விதி.

இதைக் கேட்டுவிட்டு ஆகா என்று தலையாட்டுகிறவர்களிடம் நான் அடுத்ததையும் சொல்லிவிடுவேன். பாட்டில் பங்கு கல்யாணமான ஆணுக்கு, அதுவும் அந்த ஊர்ப் பட்டினவனுக்கு. என் தம்பி தாலி கட்டிய கையோடு அவனுக்குப் பங்கு வந்தது. அவனுக்கு மூத்த நான் இறால் உரித்தே விரல் வெந்தவள், எனக்கு ஏது? தண்ணீருக்குள் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களுக்கும் ஏது? 1980களில் ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது, வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கும் இடம் கொடு என்று கேட்டார்கள். தகராறு முற்றியது. நைனாவின் வயதுக்காரர்கள் அதை இன்னும் அத்துமீறல் என்றே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குள் இத்தனை நேர்மையாக நடந்த ஒரு வழக்கம், வேலிக்கு வெளியே இருந்தவர்களை எண்ணியே பார்க்கவில்லை.

ஆனால் சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் தெரியாமல் முகத்துவாரத்தின் இரு பக்கமும் வேறு கணக்கு நடந்துகொண்டிருந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து குடிகளைக் கிளப்பிவிட்டு 1971இல் முதல் ராக்கெட்டை விட்டார்கள். இன்றும் ராக்கெட் விடும் நாளில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகக் கூடாது. உலகம் கைதட்டும்போது கரையில் படகு சும்மா கிடக்கும். தெற்கே காட்டுப்பள்ளித் தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். அங்கிருந்த மீனவக் குப்பம் இடம் மாறியது, 2013இல் துறைமுகம் வந்தது. அதற்கும் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001 முதலே கப்பல் வாங்கிக்கொண்டிருந்தது. கரையோரமாக நகரும் மணலின் போக்கு இவற்றால் குழம்பிவிட்டது, கரையை அலை தின்கிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களின் பெரிய புகார்.

முகத்துவாரமோ ஆண்டுக்கு ஆண்டு மணல் ஏறி அடைபடுகிறது. அடைந்தால் இறாலுக்கு வழியில்லை, படகுக்கும் வழியில்லை. இப்போதெல்லாம் தம்பி பைபர் படகில் கடலுக்குப் போகிறான். போன மாதம் போனில் பேசும்போது, பாட்டில் உன் முறை எப்போது என்று கேட்டேன்.

"முறை இருக்குதுக்கா. மொதல்ல தண்ணி வரட்டும்" என்றான்.