மௌனத்துக்கு ஒரு விலை: 'இந்து நேசன்' லட்சுமிகாந்தன் யார்? அவர் கொலை வழக்கு இன்றும் ஏன் பேசப்படுகிறது?

ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் மெஜஸ்டிக் இரண்டே ஸ்டாப். அதற்குள் உங்கள் போனில் ஒரு தம்ப்நெயிலாவது கண்ணில் பட்டிருக்கும். நடிகையின் படம், சிவப்பு வட்டம், 'அன்று இரவு நடந்தது என்ன?' என்று ஒரு கேள்வி. நீங்கள் அழுத்தியும் இருக்கலாம், அழுத்தாமலும் போயிருக்கலாம். ஆனால் இந்தத் தொழில் யூடியூப் கண்டுபிடித்தது இல்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால், காகிதமே கிடைக்காத போர்க்காலத்தில், சென்னையில் ஒருவர் இதை வாரப் பத்திரிகையாக நடத்தினார். அவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். கொன்றது யார் என்பதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் தாத்தா பாகவதர் பாட்டு கேட்பவராக இருந்தால், இந்தக் கதையில் பாதியாவது அவருக்குத் தெரிந்திருக்கும். மீதியை நாம் பார்க்கலாம்.

யார் இந்த லட்சுமிகாந்தன்?

சி. என். லட்சுமிகாந்தன் பத்திரிகைத் துறைக்கு வருவதற்கு முன்பே போலி ஆவண வழக்கில் தண்டனை பெற்றவர். 1943-ல் 'சினிமா தூது' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்க வாழ்க்கைதான் அதன் முக்கிய சரக்கு. யார் யாரோடு பழகுகிறார், யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அச்சில் வந்தது. 'மஞ்சள் பத்திரிகை' என்றதும் தமிழில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் இவருடையதுதான்.

இவரது பிசினஸ் மாடல் என்ன?

விற்பனை ஒரு வருமானம். இன்னொன்று, எழுதாமல் இருப்பதற்கு வாங்கும் காசு. 'உங்களைப் பற்றி ஒரு விஷயம் கையில் இருக்கிறது, அடுத்த இதழில் வரலாம்' என்று தெரியவந்தால் போதும், பலர் பணம் கொடுத்துச் சமாளித்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவதூறு வழக்கு போட்டால், வெளியில் வரக்கூடாது என்று நினைக்கும் அதே விஷயத்தை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் பேசவேண்டும். அது பொய்யாகவே இருந்தாலும் பேச்சு கிளம்பிவிடும். வழக்குச் செலவு, அலைச்சல், அவமானம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கேட்ட காசைக் கொடுப்பதுதான் மலிவு என்று தோன்றும். இந்தத் தொழில் நிற்பதே இந்தக் கணக்கின் மேல்தான்.

இது சென்னையில் மட்டும் நடந்ததா?

இல்லை. இதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே லண்டனில் பார்னார்ட் கிரிகரி என்பவர் 1831-ல் 'தி சட்டையரிஸ்ட்' என்ற வார இதழைத் தொடங்கினார். அவரும் பிரபலங்களைப் பற்றிய வதந்திகளை அச்சிட்டார், அச்சிடாமல் இருக்கப் பணம் கேட்டார், அவதூறு வழக்குகளில் சிறைக்கும் போனார். கிரிகரிக்கு நடிப்பு ஆசையும் உண்டு. 1843 பிப்ரவரியில் கோவென்ட் கார்டன் தியேட்டரில் ஹாம்லெட்டாக மேடை ஏறியபோது, கூட்டம் கூச்சல் போட்டு நாடகத்தையே நடத்தவிடவில்லை. அவரது பத்திரிகையால் பாதிக்கப்பட்ட பிரன்ஸ்விக் கோமகன்தான் அந்தக் கூச்சலுக்குப் பின்னால் இருந்தார். கிரிகரி அதற்காக வழக்குப் போட்டுத் தோற்றார். லண்டனில் கணக்குத் தீர்ந்தது கூச்சலோடு. சென்னையில் அது கத்தியில் முடிந்தது.

நடிகர்கள் முதலில் என்ன செய்தார்கள்?

அரசிடம் போனார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. பத்திரிகை நடத்த அரசு உரிமம் வேண்டும். லட்சுமிகாந்தன் போலி ஆவணங்களை வைத்துத்தான் 'சினிமா தூது' இதழை நடத்திவந்தார். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகை நின்றது.

ஆனால் தொழில் நிற்கவில்லை. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையைக் கையில் எடுத்தார். அதே சரக்கு, புது அட்டை. தடை செய்யப்பட்ட சேனல் மறுவாரமே வேறு பெயரில் வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். இந்த முறை சினிமாக்காரர்களோடு நிற்காமல், ஊரின் மற்ற பெரிய மனிதர்களைப் பற்றியும் எழுதினார். எதிரிகளின் பட்டியல் நீண்டது.

1944 நவம்பர் 8 அன்று என்ன நடந்தது?

லட்சுமிகாந்தன் வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டு, புரசைவாக்கத்தில் உள்ள வீட்டுக்குக் கை ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜெனரல் காலின்ஸ் ரோட்டில் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். காயத்தோடு அவர் திரும்ப வக்கீல் வீட்டுக்குப் போனார், போலீசிடம் புகாரும் கொடுத்தார், பிறகு அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் அதிகாலையில் இறந்தார்.

அதற்கு 23 நாள் முன்னால்தான், அக்டோபர் 16 தீபாவளிக்கு, பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. மூன்றில் இரண்டு தீபாவளிகளுக்கு அதன் ஹீரோ சிறையில் இருந்தார்.

வழக்கு எப்படிப் போனது?

டிசம்பர் 1944: பாகவதர், என்.எஸ்.கே., ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைது. நேரடியாகக் குத்தியதாக வேறு சிலர் மீதும், சதி செய்ததாக சினிமாக்காரர்கள் மீதும் குற்றச்சாட்டு. கைதானவர்களில் ஒருவர் அப்ரூவராக மாறினார்.

மே 1945: சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரி விசாரணை முடிந்தது. ஆம், அப்போது ஜூரி உண்டு. ஒன்பது பேரில் ஆறு பேர் 'குற்றவாளி' என்றும், மூன்று பேர் 'இல்லை' என்றும் சொன்னார்கள். பாகவதர், என்.எஸ்.கே. உட்பட ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை. கே. எம். முன்ஷி வாதாடிய ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை.

அதே வருஷம்: உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தள்ளுபடி.

அடுத்து லண்டன் பிரிவி கவுன்சில்: அப்போது நம் நாட்டுக்கும் கடைசி நீதிமன்றம் அதுதான். பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி. என். பிரிட் வாதாடினார். அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கு சென்னைக்கே திரும்பி வந்தது.

ஏப்ரல் 1947: நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் அமர்வு, வி. எல். எத்திராஜின் வாதத்தைக் கேட்டு பாகவதரையும் என்.எஸ்.கே.வையும் விடுதலை செய்தது. சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியை நிறுவியவர் இதே எத்திராஜ்தான்.

சட்டத்தின் கண்ணில் இருவரும் நிரபராதிகள். கொலையாளி யார் என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

யாருக்கு என்ன ஆனது?

பாகவதர் கைதானபோது கையில் வரிசையாகப் படங்கள் இருந்தன. எல்லாம் போயின. விடுதலைக்குப் பிறகு 1948-ல் 'ராஜமுக்தி' வந்தது, ஓடவில்லை. பழைய இடம் திரும்பக் கிடைக்காமலே 1959 நவம்பர் 1 அன்று, 49 வயதில் இறந்தார். என்.எஸ்.கே. மறுபடி எழுந்து நின்றார், படங்கள் நடித்தார், இயக்கினார். 1957-ல் 48 வயதில் அவரும் போய்விட்டார்.

முதலிலேயே விடுதலையான ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்து 'மலைக்கள்ளன்' எடுத்தார். அதே கதையைக் கன்னடத்தில் 'பெட்டத கள்ள' என்று இயக்கியதும் அவர்தான். ஒரே வழக்கு, ஒரே குற்றப்பத்திரிகை. ஜூரியின் பதில் மாறியதால் வாழ்க்கை வேறு வேறு திசையில் போனது.

இன்றைக்கு இதே நடந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 'காசு கொடு, இல்லாவிட்டால் போட்டுவிடுவேன்' என்பது வெறும் மிரட்டல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவின்படி அது பணம் பறித்தல், ஏழு ஆண்டுவரை சிறை. உடலுக்கு வரும் ஆபத்து மட்டும்தான் கணக்கு என்று நினைக்கவேண்டாம். பெயருக்கு வரும் கெடுதலும் சட்டப்படி 'தீங்கு'தான்.

இரண்டு, அவதூறு. 356-வது பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. இது போக, நஷ்டஈடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் போடலாம்.

மூன்று, 1944-ல் நடந்ததுபோல அரசிடம் சொல்லிப் பத்திரிகையை முன்கூட்டியே நிறுத்துவது இன்று எளிதல்ல. 'ஆட்டோ சங்கர்' சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவதூறு வரும் என்ற பயத்தில், அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. வெளியான பிறகு வழக்குப் போடலாம். அதே தீர்ப்பு, தனி மனிதரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது என்றும் சொன்னது. பொது ஆவணங்களில் இருப்பதற்கு விலக்கு உண்டு. 'இந்து நேசன்' காலத்தில் இந்த இரண்டாவது பாதி இருந்திருந்தால், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்திருக்கும்.

உங்களையே யாராவது இப்படி மிரட்டினால், முதல் தவணையைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரண்டாவது வரும். மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலோ, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலோ புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று

இந்தக் கதையில் குறுக்கு வழி எல்லாமே முயற்சி செய்யப்பட்டது. பணம் கொடுத்தார்கள், பசி கூடியது. உரிமத்தைப் பிடுங்கினார்கள், வேறு பெயரில் வந்தது. யாரோ கத்தியை எடுத்தார்கள், ஒரு உயிர் போனது, அதோடு குற்றமற்றவர்கள் என்று பின்னால் தீர்ப்பான இருவரின் நல்ல வருஷங்களும் போயின.

மலைக்க வைப்பது இன்னொன்று. லட்சுமிகாந்தனைத் திட்டாத ஆளில்லை, ஆனால் வாராவாரம் அவர் பத்திரிகை விற்றது. வாங்கியவர்கள் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வரவில்லை. நாளைக் காலை மெட்ரோவில் அந்தச் சிவப்பு வட்டம் மறுபடி வரும்போது, அவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.