கியர்ப் பெட்டி வந்த வழி



வண்டி ஓட்டுகிறவர்கள் "கியர் விழவில்லை" என்பார்கள். "இரண்டாவது விழுகிறது, மூன்றாவது விழ மாட்டேன் என்கிறது" என்பார்கள். கையால் போடுகிற ஒன்றை 'விழுகிறது' என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல் சரியான சொல்தான். கியர் தானாகப் போய் உட்கார வேண்டும். அழுத்தித் திணிக்கும்படி இருக்கக்கூடாது. அப்படி விழாமல் முரண்டு பிடிக்கும் வண்டியைப் பட்டறையில் விட்டால், "கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்ற பதில் வருவது உண்டு. உண்மையிலேயே மாற்ற வேண்டியதும் உண்டு. ஒரு திருகாணியைத் திருகினாலே தீர்ந்துபோவதும் உண்டு. எது எது என்று பிரித்தறிவதற்கு, கியர்ப் பெட்டி எப்படி உருவாயிற்று, நம் தோட்டப்புறங்களுக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது மிகவும் உதவும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் ஒரு தொல்லையைத் தீர்க்க வந்தது. உறுப்பு தேய்ந்தால், அது தீர்த்துவைத்த பழைய தொல்லை திரும்பி வந்துவிடுகிறது.

எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் பலம் காட்டும். மெல்லச் சுற்றினால் திணறி நின்றுவிடும். ஆனால் சுமையோடு நிற்கும் லாரி மெல்லத்தான் நகர முடியும். ஆகவே சிறிய பல்சக்கரம் ஒன்று பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்படி இடையில் வைத்தார்கள். வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். வேகத்துக்கு ஏற்றபடி இப்படிப் பல ஜோடிச் சக்கரங்கள் தேவைப்பட்டன. பிரான்சு நாட்டின் பனார், லெவாசோர் என்னும் இருவரின் தொழிற்சாலை, 1890-களின் தொடக்கத்தில் அந்தச் சக்கரங்களைத் தண்டின்மேல் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறையை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தது. சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்களை நேருக்கு நேர் இடித்துச் சேர்ப்பதுதான் அந்த முறை. முரட்டு வேலைதான், ஆனாலும் நடக்கிறது என்று லெவாசோரே சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது.

அந்த முரட்டுப் பெட்டி மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரயில் எட்டாத பகாங்கின் உட்பகுதிக்குச் செல்ல, ஐக்கிய மலாய் நாடுகளின் ரயில்வே இலாகா கோலக்குபுவிலிருந்து கோல லிப்பிசுக்கு மோட்டார் வண்டிச் சேவை நடத்தியது. இன்றும் கோலக்குபு பாருவிலிருந்து பிரேசர் மலை அடிவாரத்துக் 'கேப்' வரை வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைச்சாலையில் போய் வந்தவர்களுக்கு, அன்றைய டிரைவரின் பாடு ஓரளவு விளங்கும். ஏறும்போது கியர் தவறினால் வண்டி நின்றுவிடும், அத்தோடு போயிற்று. இறங்கும்போது தவறினால் கதை வேறு. மேல் கியரை எடுத்துவிட்டுக் கீழ்க் கியரைப் போட முடியாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்ட வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. பிரேக் ஒன்றே துணை. அதுவும் சூடேறிவிட்டால் பிடி தளர்ந்துவிடும். மலை இறக்கத்தில் நியூட்ரல் ஆகாது என்று பழைய டிரைவர்கள் அதட்டிச் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். இன்றைய வண்டிக்கும் இது பொருந்தும்.

கடலோரமான கோல சிலாங்கூர்ப் பக்கம் மலை இல்லை. ஆனால் அங்கே மண் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் பெற்ற ஊரின் அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே செம்பனையை வாணிப முறையில் பயிரிட்டார். இந்த நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயரைக் கேட்டால் நமக்குத் தென்னை நினைவுக்கு வருகிறது, நட்டதோ செம்பனை! செம்பனை வந்த பிறகு தோட்டத்தில் வண்டியின் முக்கியத்துவம் கூடிவிட்டது. அறுத்த குலையை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். ரப்பர்ப் பாலும் காத்திருக்காது, உறைந்துவிடும். மழை பெய்த மறுநாள், களிமண் தடத்தில், முழுச் சுமையோடு லாரி புறப்பட வேண்டும். முதல் கியரில் கிளப்பி, சக்கரம் புதைவதற்குள் இரண்டாவதைப் போட வேண்டும். அந்த ஒரு நொடியில் கியர் விழாவிட்டால், வேகம் செத்து வண்டி சேற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு பலகை கொண்டுவா, மண்வெட்டி கொண்டுவா என்று பொழுது போகும்.

அக்கால டிரைவர்கள் அந்த முரட்டுப் பெட்டியைப் பணிய வைத்த வித்தைக்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். ஓடுகிற டிராக்டர் டிரெய்லரில் தொற்றி ஏறிய பிள்ளைகளைத் தோட்டத்தில் நாம் பார்த்திருக்கிறோம். (ஏறக்கூடாதுதான்!) நின்ற இடத்திலிருந்து தாவினால் தூக்கி எறியப்படுவோம். கூடவே ஓடி, அதன் வேகம் நமக்கும் வந்த பிறகு தொற்றினால் அலுங்காமல் ஏறலாம். பல்சக்கரங்களும் அப்படியே. கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்கு இறங்குவதானால் எஞ்சினுக்கு ஓர் உறுமல் கொடுக்க வேண்டும். சக்கரங்களின் வேகம் ஒத்துவரும் அந்த நொடியில் மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். மேல் கியருக்குப் போவதானால் உறுமல் வேண்டாம், சற்றே காத்திருந்தால் போதும். எவ்வளவு உறுமுவது, எத்தனை நேரம் காத்திருப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. காதுதான் அளவுகோல். கெலிண்டானாக லாரியில் ஏறிய இளைஞர்கள் டிரைவரின் காலைப் பார்த்தும் எஞ்சினின் ஓசையைக் கேட்டுமே இதைக் கற்றார்கள். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களின் வேலையையும் வீட்டையும் கேள்விக்குறியாக்கியபோது, லாரி உரிமம் கையில் இருந்தவருக்கு வெளியே பிழைக்க ஒரு வழி இருந்தது. அந்த வித்தை வெறும் கெட்டிக்காரத்தனம் அல்ல, சோறு போட்ட தொழில்.

டிரைவரின் காதும் காலும் செய்த அந்த வேலையைப் பெட்டிக்குள்ளேயே ஓர் உறுப்பு செய்துகொள்ளும்படி ஆக்கியவர், எர்ல் தாம்சன் என்னும் அமெரிக்கர். அவருடைய அமைப்பு 1928-இல் கடிலாக் கார்களில் வந்தது. அதற்குச் சிங்க்ரோமெஷ் என்று பெயர். பல்சக்கரத்தின் பக்கத்தில் கூம்பு வடிவில் ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் பித்தளையில் செய்திருப்பார்கள். கியரைப் போட நாம் தள்ளும்போது அந்த வளையம் முதலில் போய் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுப் பிறகு வழி விடும். மற்ற வண்டிகளுக்கு இது உடனே வந்துவிடவில்லை. வந்த வண்டிகளிலும் எல்லாக் கியருக்கும் வரவில்லை. நம் நாட்டுச் சாலைகளில் பெருவாரியாக ஓடிய மோரிஸ் மைனர் 1948-இல் பிறந்தது. கடைசி வரை அதன் முதல் கியருக்கு இந்த வசதி கிடையாது. அதே 1948-இல் வெளிவந்து, தோட்டத்துத் துரைமார்களின் வண்டியாக நாம் அறிந்த லேண்ட்ரோவரில் மூன்றாவது, நான்காவது கியர்களுக்கு மட்டும் இருந்தது. 1971-இல்தான் அதன் முன்கியர்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. சேற்றுத் தடத்துக்கு மிகவும் வேண்டிய முதல் இரண்டு கியர்களுக்குக் கடைசியாக வந்தது என்பதைப் பார்த்தால், வண்டி செய்தவர்கள் தோட்டத்து டிரைவரைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை என்றே தோன்றுகிறது.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் கஞ்சில் வந்தது. கஞ்சிலைச் செய்த பெரோடுவா தொழிற்சாலை நம் வட சிலாங்கூரில், ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் இருக்கிறது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் இவ்விரண்டில் ஒன்றுதான். வேலைக்குப் போகும் பெண்கள் தாமே ஓட்டிச் சென்ற முதல் காரும் பெரும்பாலும் கஞ்சில்தான். கஞ்சில் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. ஆயினும் கைக்குக் கை மாறி இன்னும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அவற்றின் கியர் விழாமல் போவதும் இப்போதுதான் அதிகம்.

இனிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையைப் பார்ப்போம். முதல் சோதனைக்குப் பணச் செலவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, வண்டி நின்றபடியே மறுபடி போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை, கிளட்சில் இருக்கிறது. கிளட்ச் முழுதாக விலகாமல், எஞ்சின் பெட்டியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பழைய சாகா, கஞ்சில் போன்றவற்றில் பெடலிலிருந்து கிளட்சுக்கு ஒரு கேபிள் போகும். நாளடைவில் அது நீளும். உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறும். நீண்டதுதான் காரணமானால், முனையிலுள்ள திருகாணியைச் சரியான அளவுக்கு முறுக்கினால் தீர்ந்தது. அளவு முக்கியம். அளவுக்கு மீறி முறுக்கினால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்தபடியே இருந்து தேய்ந்துபோகும். இழை அறுந்திருந்தால் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கிளட்ச் செட்டை அல்ல. கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டியானால், பெடலை மூன்று நான்கு தடவை அடித்து மிதித்துப் பாருங்கள். அதன் பிறகு கியர் விழுமானால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் கசிகிறது என்று பொருள்.

எஞ்சின் நின்றிருக்கும்போதே கியர் இறுகியிருந்தால், கியர்க் கம்பிலிருந்து பெட்டிவரை போகும் இணைப்பைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ரப்பர், பிளாஸ்டிக் துண்டுகள் நைந்துபோகும். சேற்றுத் தடத்தில் ஓடும் வண்டிகளில் மண் ஏறித் துருப்பிடிக்கும். இவை மலிவான சாமான்கள். ஒரே ஒரு கியர் மட்டும், ஓடும்போது 'கர்' என்று கத்தினால் அதுதான் அந்தப் பித்தளை வளையத்தின் தேய்மானம். பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் இது முதலில் தெரியும். டபுள் கிளட்ச் செய்து அந்தக் கியரைப் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் தேய்ந்தது வளையம்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம். பெட்டியைப் பிரிக்கும் செலவுக்குப் பணம் சேரும்வரை, தாத்தா காலத்து வித்தையோடு ஓட்டவும் செய்யலாம்.

எண்ணெய் விஷயத்தில் நம்மில் பலர் தவறாக எண்ணுகிறோம். எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறோம். வளையம் வேலை செய்வது உரசலால். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் அது பிடிக்காமல் நழுவும். மிகவும் தடித்த எண்ணெயிலும் நேரத்துக்குப் பிடிக்காது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் இன்னும் கவனம் தேவை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. பெட்டிக்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்துவிடும். அதை உடனே வடித்துவிட வேண்டும். நெடுநாள் ஓடாமல் ஈரத்தில் கிடந்த வண்டியில், கிளட்ச் தட்டு துருவினால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது எஞ்சின் ஓடும்வரை எந்தக் கியரும் விழாது.

பின் கியரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பழைய கார்களில் பின் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. அந்த ஒரு கியரைப் பொறுத்தவரை, லெவாசோர் காலத்து முறை மாறவே இல்லை: பல்லும் பல்லும் நேரே போய்க் கோத்துக்கொள்ள வேண்டும். ஆகவே அது கத்தினால் உடனே கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை. வண்டி அசையாமல் நிற்க வேண்டும். கிளட்சை முழுதாக மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அப்போதும் விழாவிட்டால், முதலில் ஏதேனும் ஒரு முன்கியரைப் போட்டு எடுத்துவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே பின்னுக்குத் தள்ளுங்கள். விழும்.