மண்கோட்டையும் மனக்கோட்டையும்

அயர்லாந்து நாட்டின் வயல்வெளிகளிலே வட்ட வடிவான மண்மேடுகள் காணப்படுகின்றன. சுற்றிலும் மண்ணாலான கரை, அதற்கு வெளியே அகழி, கரைமீது முள்மரங்கள். ஏறத்தாழ 45,000 இடங்களில்! எழுப்பியவர் யார்?

மாய மக்கள் என்றனர் ஊரார். மண்ணுக்கடியிலே அவர்களுக்கு மாளிகையாம்! இரவிலே இசை எழுமாம்! மேட்டில் மண்வெட்டி பட்டால் நோய்; முள்மரத்தை வெட்டினால் மாடு மடியும், குடி கெடும்!

ஆராய்ச்சி தந்த விடை வேறு. பெரும்பாலானவை கி.பி. 600 முதல் 900 வரை எழுந்த உழவர் குடியிருப்புகள். அன்று மாடே செல்வம். ஆநிரை கவர்தலும் அன்றைய வழக்கம். வீட்டையும் மாட்டையும் காக்கவே கரையெழுப்பினர், அகழி தோண்டினர். சிலவற்றில் காணும் சுரங்க அறைகள் உணவைச் சேமிக்கவும், பகைவர் வந்தால் பதுங்கவும் பயன்பட்டன. உழைத்தவன் மறக்கப்பட்டான், உலவாத பேய் நினைக்கப்பட்டது!

"பாட்டி கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பாருண்டு. 1895 மார்ச்சுத் திங்களில், டிப்பரரி மாவட்டத்துப் பாலிவாட்லி என்னும் சிற்றூரிலே, தையல் தொழில் செய்துவந்த பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண் நோயுற்றாள். அவள் தன் மனைவியே அல்லள், மனைவியைக் கவர்ந்துசென்ற மாய மக்கள் விட்டுச்சென்ற போலி என்றான் கணவன் மைக்கேல். உறவினர் வீட்டிலிருக்கவே அவளை எரித்தான். பின்னர், உண்மை மனைவி வெள்ளைக் குதிரையேறி வருவாளென்று மண்கோட்டையருகே இரவெல்லாம் காத்திருந்தான்! குதிரை வரவில்லை, குழியிலிருந்து அவள் உடலைத்தான் காவலர் எடுத்தனர். அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது நீதிமன்றம். அவன் கையிலே தீயைக் கொடுத்த நம்பிக்கைக்குத் தண்டனை விதிப்பது யார்?

"அந்த அச்சமன்றோ மேடுகளைக் காத்தது?" என்றும் கேட்பர். ஓரளவு மெய்தான். ஆனால், அச்சம் அகன்ற இடத்தில் அறிவு குடியேறாதபோது என்ன நேர்ந்தது? இருபதாம் நூற்றாண்டில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன; பல மேடுகள் தரைமட்டமாயின. அச்சம் ஓடிப்போகும் காவற்காரன்; அறிவே நிலைத்து நிற்பவன்.

அறிவின் காவல் எப்படியிருக்கும் என்பதையும் அந்நாடே காட்டியது. 1930-இல் தொல்சின்னங்களைக் காக்கச் சட்டம் செய்தது. 1937 முதல் 1939 வரை, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே முதியோரிடம் கதைகளைக் கேட்டு ஏடுகளில் எழுதுவித்தது.

தோழர்களே! கதை ஏட்டிலே இருக்கட்டும். மேடு வரலாற்றுச் சான்றாய் நிற்கட்டும். மனிதனின் மூளையிலே மட்டும் பேய்க்குக் குடியிருப்பு வேண்டாம்!