நெடுந்தூர விமானப் பயணம்: இடைத் தங்கலைத் திட்டமிடுவோம், தொழுகையைப் பேணுவோம்

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கேட்கப்படும் மஸ்அலாக்களில் இப்போது பயணம் பற்றியவை பெருகிவிட்டன. "ஹஜ்ரத், அம்மா அமெரிக்காவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க. இருபது மணி நேரத்துக்கு மேல பயணம். சுப்ஹு எங்கே தொழறது? வழியில ஜித்தாவுல இறங்கி உம்ரா செய்யலாமா?" என்பது போன்ற கேள்விகள். பெரும்பாலும் டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். எடுப்பதற்கு முன்பே கேட்டிருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும்.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது உறக்கத்தையும் உணவையும் பானத்தையும் தடுக்கிறது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அந்தச் சிரமத்தை உணர்ந்துதான் மார்க்கம் பயணிக்குச் சலுகைகளைத் தந்துள்ளது. இடையில் தங்கிச் செல்வது நம் முன்னோருக்குப் புதிதும் அல்ல. எம்.வி. சிதம்பரம் கப்பலில் போனவர்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனத் துறைமுகம் துறைமுகமாகத்தான் போனார்கள்.

எத்தனை மணி நேரம் நிற்பது?

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி ஆகிய ஊர்களுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம். அங்கிருந்து நியூயார்க் போக சுமார் 14 மணி நேரம். கிழக்கு வழியாகப் போனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் நேரடி விமானம் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவுக்கும் நியூயார்க்குக்கும் நேர வேறுபாடு கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரக்கூடியது என்பதால் இளையவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முதியவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு மூன்று, நான்கு மணி நேர இடைவெளி போதும். சக்கர நாற்காலி தேவைப்படும் பெற்றோரோ கைக்குழந்தையோ உடன் வந்தால் குறைந்தது ஓர் இரவாவது வழியில் படுத்து எழுந்து போவது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் நேர மாற்றத்துக்கு ஏற்ற அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

சர்வதேச டிக்கெட்டுகளில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது டிரான்சிட். அதற்கு மேல் நின்றால் ஸ்டாப்ஓவர். டிரான்சிட்டில் பொதுவாகப் பெட்டிகள் கடைசி ஊருக்கே போய்விடும். ஸ்டாப்ஓவரில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அந்த நாட்டு விசாவும் வேண்டும்.

மலிவாக இருக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டு, ஐந்து பேருக்கும் அதே இடத்தில் புது டிக்கெட் வாங்க நேர்ந்தது. பல ஊர் தேர்வு (மல்டி சிட்டி) முறையில் தேடினால் இரண்டு நாள் தங்கலோடு ஒரே டிக்கெட்டாகவே எடுக்கலாம்.

எதிஹாத் விமானத்தில் போவோருக்கு அபுதாபியில் இலவச ஹோட்டல் தங்கல் திட்டம் உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையையும் அபுதாபி விமான நிலையத்திலேயே முடித்துவிடலாம். அமெரிக்காவில் இறங்கியதும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதால் முதியவர்களுக்கு இது பெரிய உதவி. சிங்கப்பூரில் தங்கினால் சவுத் பிரிட்ஜ் சாலையில் நம் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் ஒரு தொழுகையாவது தொழுது வாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். சில நாடுகளில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விசா கேட்பதுண்டு.

தொழுகை நேரத்தைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையிலிருந்து அதிகாலை 4 மணிக்கு தோஹாவுக்குப் புறப்படும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சுப்ஹு கோடையில் 4.20 வாக்கிலும் ஜனவரியில் 5.15-க்குப் பிறகும்தான் ஆரம்பமாகிறது. எனவே ஏறும் முன் தொழ முடியாது. தோஹாவில் அந்த ஊர் நேரம் சுமார் 6.15-க்கு இறங்குவோம். கோடையில் அங்கே 4.45-க்கே சூரியன் உதித்துவிடும். குளிர்காலத்திலும் 6.20 வாக்கில் உதித்துவிடும். ஆக, எந்தப் பருவத்திலும் இந்த விமானத்தில் சுப்ஹை வானத்தில்தான் தொழ வேண்டும். சுப்ஹை வேறு எந்தத் தொழுகையோடும் ஜம்உ செய்ய முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. காலை 9, 10 மணிக்குப் புறப்படும் விமானம் கிடைத்தால் சுப்ஹை வீட்டிலும் லுஹரை இறங்கிய ஊரிலும் நிம்மதியாகத் தொழலாம்.

அடுத்து, தோஹாவில் காலை 8 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க் செல்லும் 14 மணி நேர விமானம். சூரியனோடு சேர்ந்து மேற்கே போவதால் வழி முழுதும் பகல்தான். கோடையில் அங்கே பிற்பகல் 3 மணிக்கு இறங்கினால் லுஹர் நேரம் மீதமிருக்கும். டிசம்பரிலோ இறங்குவது 2 மணிக்கு. ஷாஃபிஈ கணக்கில் 2.15 வாக்கில் அஸர் வந்துவிடும். குடியேற்ற வரிசையில் நிற்கும்போதே லுஹர் போய்விடும்.

இங்கேதான் மத்ஹபு வேறுபாட்டைத் தெரிந்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹர் நேரம் முடிவதற்குள் 'அஸரோடு சேர்த்துத் தொழுவேன்' என்று நிய்யத் வைத்துக்கொண்டு, அஸர் நேரத்தில் இரண்டையும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பயணத்தில் அவ்வாறு ஜம்உ இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழலாம், அவ்வளவே. எனவே ஹனஃபி குடும்பங்கள் லுஹரை விமானத்திலேயே தொழ ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கஸ்ர் எங்கே தொடங்குகிறது?

ஊர் எல்லையைத் தாண்டிய பின்பே கஸ்ர் தொடங்கும். மீனம்பாக்கம் விமான நிலையம் நகரோடு ஒட்டியே இருப்பதால், திருவல்லிக்கேணிவாசிகள் அங்கே தொழும்போது முழுமையாகத் தொழுவதே பேணுதல்.

இடையில் ஓரிரு நாள் தங்கும் ஊரில் நாம் பயணிகளே. லுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழலாம். ஆனால் ஊர்வாசியான இமாமின் பின்னால் தொழுதால் நான்கும் தொழ வேண்டும். போய்ச் சேரும் ஊரில், ஷாஃபிஈயில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்களோ, ஹனஃபியில் பதினைந்து நாட்களோ தங்க முடிவு செய்திருந்தால் அங்கு சேர்ந்ததிலிருந்தே முழுத் தொழுகைதான். மகள் வீட்டில் மூன்று மாதம் இருக்கப் போகும் தாய் அங்கே கஸ்ர் செய்ய முடியாது.

விமானத்துக்குள் தொழுவது

ஃபர்ளு தொழுகையில் நிற்க முடிந்தவர் நிற்பது கட்டாயம். உணவு பரிமாறாத நேரத்தில் பணிப்பெண்ணிடம் பணிவாகக் கேட்டால் கதவருகே சிறு இடம் தருவதுண்டு. இருக்கைத் திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்த்து கிப்லாவை அறியலாம். எந்த வகையிலும் இயலாவிட்டால் நேரத்தின் கண்ணியத்துக்காக இருந்த இடத்திலேயே சைகையால் தொழுதுவிட்டு, இறங்கியபின் திருப்பித் தொழுவது பேணுதலானது.

உளூவை ஏறும் முன்பே செய்துகொள்ளுங்கள். விமானக் கழிவறையில் காலைத் தூக்கிக் கழுவித் தரையெல்லாம் தண்ணீர் ஆக்குவது அடுத்தவருக்குத் துன்பம். இதற்கு எளிய வழி தோல் காலுறை (குஃப்பு). முழு உளூவோடு அணிந்திருந்தால் பயணி மூன்று பகல் மூன்று இரவு அதன் மேல் மஸஹு செய்யலாம். மெல்லிய துணிக் காலுறைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஜித்தாவில் இறங்கி உம்ரா

சவூதி அரேபியா 2023 ஜனவரி இறுதியில் 96 மணி நேர ஸ்டாப்ஓவர் விசாவை அறிமுகம் செய்தது. சவூதியா, ஃபிளைநாஸ் விமானங்களில் டிக்கெட் எடுக்கும்போதே விண்ணப்பிக்கலாம். இதில் உம்ராவும் மதீனா ஜியாரத்தும் செய்யலாம், ஹஜ் செய்ய முடியாது. நுசுக் செயலியில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, மீகாத். உம்ரா நிய்யத்தோடு போகிறவர் இஹ்ராம் இல்லாமல் மீகாத்தைக் கடந்துவிட்டு, திரும்பிப் போய் இஹ்ராம் கட்டாவிட்டால் தம் கொடுக்க வேண்டிவரும். ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடையை ஏறும் முன்பே அணிந்துகொண்டு, விமானத்தில் மீகாத் அறிவிப்பு வந்ததும் நிய்யத்தும் தல்பியாவும் சொல்லுங்கள். இஹ்ராம் உடையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு 13 மணி நேரம் இஹ்ராம் உடையோடு அமர்வது சிரமம். அவர்கள் முதலில் மதீனா போகும் முடிவோடு வந்து, ஜித்தா விமான நிலையத்திலிருந்து ஹரமைன் ரயிலில் மதீனா சென்று, அங்கிருந்து துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டி மக்கா வரலாம்.

இரண்டு, பெண்கள். மாதவிடாய் ஏற்பட்டால் இஹ்ராம் கட்டலாம், ஆனால் சுத்தமாகும் வரை தவாஃப் செய்ய முடியாது. 96 மணி நேரம் முடிந்து விமானம் ஏற வேண்டி வந்தால் இஹ்ராமிலிருந்து விடுபட முடியாத இக்கட்டு உண்டாகும். ஆகவே நாள் கணக்கைப் பார்த்தே பயணத் தேதியைக் குறியுங்கள். 'தடை ஏற்பட்டால் அவ்விடத்திலேயே விடுபடுவேன்' என்று இஹ்ராமின்போதே நிபந்தனை வைக்க ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ளுபாஆ (ரலி) அவர்களின் ஹதீஸ் இதற்கு ஆதாரம். ஹனஃபி மத்ஹபில் இந்த நிபந்தனையால் பயனில்லை. இரு சாராரும் புறப்படும் முன் தங்கள் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, போகும்போதா திரும்பும்போதா என்பது. திரும்பும்போது உம்ரா செய்வதே நமக்கு நல்லதாகப் படுகிறது. போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை, ஜம்ஜம் தண்ணீரையும் வீட்டுக்கே கொண்டுவரலாம்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

இது மிக முக்கியம். நம் வீட்டுப் பிரியாணி மசாலாவிலும் குருமாவிலும் சேரும் கசகசா ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்டது. அதைப் போதைப் பொருள் வழக்காகவே பார்க்கிறார்கள். மகளுக்கென்று அன்போடு அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடி தாயைச் சிறையில் நிறுத்திவிடக் கூடாது. ஸ்டாப்ஓவரில் பெட்டியோடு வெளியே வருவோம் என்பதால் ஆபத்து கூடுதல். கோடீன், டிராமடால் போன்றவை கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் எதையும் எடுக்காதீர்கள். மற்றவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை, சொந்தக்காரராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஐரோப்பிய விமானங்களில் ஹலால் உணவைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே 'முஸ்லிம் மீல்' என்று பதிவு செய்ய வேண்டும்.

ரமளானில் பயணம்

நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய திருக்குர்ஆன் (2:185) பயணிக்கு அனுமதி தருகிறது. மேற்கே போகும்போது பகல் மிக நீளும் என்பதால் முதியவர்கள் இந்தச் சலுகையை ஏற்பதில் குறையில்லை. ஆனால் சுப்ஹு நேரம் ஊருக்குள் இருக்கும்போதே வந்துவிட்டால் அன்றைய நோன்பை நோற்க வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ நிலைப்பாடு. நோன்போடு பறப்பவர்கள் கீழே உள்ள ஊரின் நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. விமானத்திலிருந்து சூரியன் மறைவதைக் கண்ட பிறகே திறக்க வேண்டும்.

கடனையும் அமானிதத்தையும் எழுதி வைத்துவிட்டு, இரண்டு ரக்அத் தொழுது, பயண துஆவோடு வீட்டை விட்டுப் புறப்படுங்கள். அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, நலமாகப் போய்ச் சேர்ந்து நலமாகத் திரும்பும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.