ஹரோகேட் அரச குளியலகம்

ஹரோகேட் அரச குளியலகம் அல்லது ராயல் பாத்ஸ் என்பது இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயர் பகுதியிலுள்ள ஹரோகேட் நகரில் 1897 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீர்மருத்துவக் கட்டிடம் ஆகும். கனிம நீர்ச் சிகிச்சைகளுக்காகக் கட்டப்பட்ட இக்கட்டிடத்தில் அச்சிகிச்சைகள் 1969 இல் நிறுத்தப்பட்டன. இதன் ஒரு பகுதியான துருக்கியக் குளியலகம் மட்டும் பின்னரும் குளியலகமாகவே நிலைத்தது.

பின்னணி

1571 இல் வில்லியம் சிலிங்ஸ்பி என்பவர் இவ்வூரின் டூவிட் ஊற்று நீர், தாம் ஐரோப்பாவில் அருந்திய மருந்து நீரைப் போன்ற சுவையுடையது எனக் கண்டறிந்தார். அது இரும்புச்சத்து மிக்க நீராகும். மருத்துவர் எட்மண்ட் டீன் 1626 இல் வெளியிட்ட நூல் ஊரின் புகழைப் பரப்பியது. பின்னர் அழுகிய முட்டை மணமுடைய கந்தக ஊற்றுகளே பெரிதும் நாடப்பட்டன. பழைய கந்தகக் கிணற்றின் மேல் 1842 இல் எழுப்பப்பட்ட மண்டபம் 1953 முதல் அருங்காட்சியகமாக உள்ளது.

பாத் நகரின் ஊற்றுகள் இயற்கையிலேயே வெந்நீர் ஊற்றுகள். ஹரோகேட்டின் நீரோ குளிர்ந்தது. எனவே இங்கு குளிப்பதற்கு நீரைச் சூடாக்க வேண்டியிருந்தது.

கட்டிடமும் சிகிச்சைகளும்

பாகலி, பிரிஸ்டோ ஆகிய கட்டிடக்கலைஞர்கள் வடிவமைத்த இக்கட்டிடத்தைக் கேம்பிரிட்ஜ் கோமகன் திறந்து வைத்தார். கந்தக நீர்க் குளியல், கரிச்சேற்றுக் குளியல், நீர்த்தாரையின் கீழ் உடலைப் பிடித்துவிடுதல் முதலிய சிகிச்சைகள் இங்கு அளிக்கப்பட்டன.

துருக்கியக் குளியலகம்

வண்ண மெருகூட்டிய செங்கற்கள், மூரிய பாணி வளைவுகள், ஓவியம் தீட்டிய கூரை, டெராசோ தரை ஆகியன இப்பகுதியின் சிறப்புகள். பெயர் துருக்கியமாயினும் அறைகளின் பெயர்கள் இலத்தீனில் அமைந்தவை. இது முரண் போலத் தோன்றினாலும் காரணம் உண்டு. டேவிட் ஊர்குவார்ட் தமது 1850 ஆம் ஆண்டு நூலில் துருக்கியக் குளியலைப் பிரித்தானியருக்கு எடுத்துரைத்தார். 1856 இல் அயர்லாந்தின் பிளார்னி அருகே மருத்துவர் ரிச்சர்ட் பார்ட்டர் அத்தகைய குளியலகம் ஒன்றை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்த விக்டோரியக் காலக் குளியல், ஈர ஆவியை விட உலர்ந்த வெப்பக் காற்றையே சார்ந்தது. எனவே துருக்கிய ஹம்மாமை விட உரோமானியக் குளியலுக்கே இது நெருக்கமானது எனலாம்.

குளிப்பவர் டெப்பிடேரியம், கால்டேரியம், லக்கோனியம் என வெப்பம் ஏறிச்செல்லும் அறைகளில் அமர்வார். வியர்த்த பின் குளிர்நீர்த் தொட்டியில் மூழ்கி, இறுதியில் பிரிஜிடேரியத்தில் ஓய்வெடுப்பார்.

வீழ்ச்சியும் மீட்பும்

முதலாம் உலகப் போருக்குப் பின் செல்வர்களின் வருகை குறைந்தது. 1948 இல் தேசிய நலச் சேவை தோன்றியபின் அச்சேவையின் நோயாளிகளும் இங்கு சிகிச்சை பெற்றனர். நவீன மருந்துகள் பெருகிய காலத்தில் இத்தகைய சிகிச்சைகளின் செல்வாக்கு தேய்ந்தது. 1969 க்குப் பின் கட்டிடத்தின் பெரும்பகுதி உணவகம் போன்ற வேறு பயன்பாடுகளுக்குச் சென்றது. கந்தக நீரைச் சாராமல் சூடான காற்றில் இயங்கியதால் துருக்கியக் குளியலகத்துக்கு மருத்துவத்தின் துணை தேவைப்படவில்லை. ஓய்விடமாக அது நீடித்தது. சீரமைப்புப் பணிகளுக்குப் பின் 2004 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.